உண்ணிச்செடிக்கு மார்ச் 31 தெரியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மாவட்டம் சீகூர்ப் பீடபூமியில், மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் ஓர் இருளர் ஊரிலிருந்து எழுதுகிறேன். பி.காம். படித்தவள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் கணக்குப் புத்தகங்களை ஏழு ஆண்டுகளாக நான்தான் எழுதி வருகிறேன்.

பிரேசிலின் பெலேம் நகரில் 2025 நவம்பரில் நடந்த காலநிலை மாநாட்டுச் செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். காட்டோடு வாழும் பழங்குடிகளின் நில உரிமைக்கும் வனப் பாதுகாப்புக்கும் 2026 முதல் 2030 வரை 180 கோடி டாலர் தருவதாகச் சில நாடுகளும் அறக்கட்டளைகளும் உறுதி சொல்லியிருந்தன. எங்கள் ஊரில் பெரியவர்கள் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அன்று மாலை எல்லோரும் திண்ணையில் கூடியிருந்தபோது செய்தியை வாய்விட்டுப் படித்தேன். கேட்டு முடித்த என் பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்த மாதத்தில் வருமாம்?"

படித்தவர்கள் எவ்வளவு வரும், யாருக்கு வரும் என்றுதான் கேட்பார்கள். பெரியம்மா மாதத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

எங்கள் காட்டை இன்று மூடிக் கிடப்பது உண்ணிச்செடி (லண்டானா). இருநூறு ஆண்டுகளுக்கு முன் பூவுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தோட்டங்களில் வைத்த செடி. இந்தியாவில் புலி வாழும் காடுகளில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் இது பரவியிருக்கிறது என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. என் தாத்தாவின் காலத்தில் பட்டியிலிருந்து அவிழ்த்துவிட்ட மாடு கொம்பு மட்டும் தெரியப் புல்லுக்குள் நடந்து போகுமாம். நான் பார்த்ததெல்லாம் புதர்தான். அதன் அடியில் புல் முளைப்பதில்லை. ஈச்சம் புதர் இருந்தால்தான் மாறு கட்டி விற்க முடியும், அதுவும் குறைந்துவிட்டது. நெல்லிக்கும் சீயக்காய்க்கும் போகிற தடமெல்லாம் அடைந்து, எதிரில் யானை நிற்பது பத்தடிக்கு முன்புவரை தெரியாமல் நடக்கிறோம்.

கோடையில் அது வேறு உருவம் எடுக்கும். புல்லில் பற்றும் தீ தரையோடு ஓடி அணைந்துவிடும். காய்ந்த உண்ணிச்செடியில் பற்றினால் அதையே ஏணியாக்கிக்கொண்டு மரத்தின் தலைக்கு ஏறிவிடும். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் இருக்கும் சோளகர் பழங்குடிகள் தை மாதக் குளிரில் சருகுக்கு மட்டும் சிறு தீ வைத்துக் காட்டைத் துப்புரவாக வைத்திருந்தார்கள். இந்தச் சருகுத் தீயை அவர்கள் பேச்சில் தரகு பெங்கி என்பார்கள். வனவிலங்குச் சட்டம் வந்து அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடி தலையெடுத்தது என்று அவர்களுடைய பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் தாத்தாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்வார். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மறு ஆண்டு கோடையில் எங்கள் பட்டியில் பாதி மாடுகள் செத்தன. "புல் இருந்த காடாக இருந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது" என்று அவர் எலும்பும் தோலுமாகக் கிடந்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. காலநிலை மாற்றத்தைத் தாங்கும் திறன் என்று விண்ணப்பப் படிவங்களில் எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும்.

உண்ணிச்செடியை ஒழிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். வெட்டினால் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். எரித்தாலும் துளிர்க்கும். மண்ணுக்கு மூன்று நான்கு விரற்கடை கீழே, வேரும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதிக்கு அடியில் கொத்தி அறுத்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் திரும்ப வராது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு வகுத்த முறை இது. பல காடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் இதற்கு மண்ணில் ஈரம் வேண்டும். காய் பழுத்துக் கொண்டைக்குருவி தின்று விதையைப் பரப்புவதற்கு முன் செய்ய வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கேற்ற காலம் கோடை மழை பெய்து முடிந்த வைகாசி, ஆனி, ஆடி. புரட்டாசி மழைக்கு முன் புல் விதை தூவ வேண்டும். அதோடு முடிந்துவிடாது. மண்ணுக்குள் கிடக்கும் விதைகள் ஒவ்வொரு மழைக்கும் முளைக்கும். அந்தக் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்குவது எளிது, பெண்களும் பிள்ளைகளும் பேசிக்கொண்டே செய்துவிடுவார்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் விடாமல் செய்ய வேண்டும்.

இனி இந்தச் செடியை அகற்ற எங்கள் சங்கத்துக்கு வந்த நல்கையை, அதாவது நிதியுதவியைப் பற்றிச் சொல்கிறேன். கொடுத்தவர்களின் பெயர் வேண்டாம், யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் விண்ணப்பித்தோம். படிவம் இருபத்திரண்டு பக்கம், முழுவதும் ஆங்கிலம். நானும் பக்கத்து ஊரில் ஆசிரியையாக இருக்கும் அக்காவும் ஒன்பது இரவுகள் உட்கார்ந்து நிரப்பினோம். புரட்டாசியில் ஒப்புதல் வந்தது. நான்கு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய், பதினெட்டு ஏக்கர் நிலம். பணம் மூன்று கைகள் மாறி எங்கள் கணக்கில் ஏறியது பிப்ரவரி 6-ஆம் தேதி. மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். இல்லையென்றால் மீதி திரும்பிவிடும்.

மாசி மாதம் எங்கள் மண் கல்லாக இருக்கும். கடப்பாறை வைத்தால் பொறி பறக்கும். வேரின் கழுத்து வரை தோண்ட முடியாமல் செடி பாதியில் முறிந்து வந்தது. ஆனியில் செய்கிறோம், அதுவரை பணம் கணக்கிலேயே இருக்கட்டும் என்று தொலைபேசியில் கேட்டேன். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. பேசியவர் நல்லவர், அவர் குரலில் வருத்தம் இருந்தது. அந்தப் பணத்தை வேண்டாம் என்று நாங்களே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாசி, பங்குனியில் கூலி என்பதே இல்லாத வீடுகள் எங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன. நாற்பது பேர் ஒன்றரை மாதம் வேலை செய்தார்கள். வெட்டியதை வெளியே ஏற்றிச் செல்ல வண்டி வாடகைக்கு வரவுசெலவில் தலைப்பு இல்லாததால் குவியல் குவியலாக அங்கேயே கிடந்தது. மார்ச் 30 அன்று படம் எடுத்து அனுப்பினேன். புதர் இல்லாத வெற்றுத் தரை. இலக்கு முழுமையாக எட்டப்பட்டது என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து தீ வந்தது. குவியல்கள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றின. ஊரே பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு போய் இரவு இரண்டு மணி வரை அடித்தது. வனத்துறையின் தீக்காவலர்களும் வந்தார்கள். அவர்களிலும் பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பையன்கள்தான். வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடைக் கரையில் நின்ற பெரிய நீர்மத்தி போய்விட்டது. ஒரு பருவத்தில் அந்த மரத்தில் முப்பது தேனடைகளுக்கு மேல் எண்ணியிருக்கிறோம். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் தேன் எடுத்த மரம். அடிமரம் இரண்டு நாள் புகைந்துகொண்டே இருந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்த்துப் பேசவில்லை. புரட்டாசி மழைக்குப் பிறகு பதினெட்டு ஏக்கரிலும் உண்ணிக் கன்று பச்சைப் பாயாக முளைத்தது. பிடுங்குவதற்குப் பணம் கேட்டேன். ஏற்கெனவே முடிந்த திட்டத்துக்கு மறுபடியும் ஒதுக்க முடியாது என்றார்கள்.

அந்த ஆண்டு ஆனியிலேயே சங்கத்தின் பெண்கள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். சேமிப்புப் பணத்தில், ஊருக்குப் பக்கத்தில், இரண்டே இரண்டு ஏக்கர். மழை ஈரம் பார்த்து, பெரியம்மா நாள் குறித்து, வேரின் கழுத்தை அறுத்துக் கவிழ்த்தார்கள். நல்ல தண்டுகளைக் கூடை முடைகிறவர்களுக்கு ஒதுக்கிவிட்டு மீதியை அடுப்புக்குக் கட்டித் தூக்கி வந்தார்கள். தொலைவில் புல் நின்ற ஓரிடத்திலிருந்து கதிர் உருவி வந்து தூவினார்கள். முதல் ஆண்டு 31,000 ரூபாய் ஆனது. இரண்டாம் ஆண்டு 16,000. மூன்றாம் ஆண்டு 11,000. இப்போது அங்கே இடுப்பளவு புல் நிற்கிறது. சென்ற ஆண்டு தை மாதத்தில் முதல் முறையாக அந்தப் புல்லுக்குள் புள்ளிமான் குட்டி போட்டிருப்பதைப் பார்த்தோம்.

கணக்கு எழுதுகிறவள் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நல்கையில் செய்தது ஏக்கருக்கு 25,555 ரூபாய். சங்கம் செய்தது ஏக்கருக்கு 29,000 ரூபாய். ஏறக்குறைய மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் வேறுபாடு. முதலாவதில் இன்று காட்டுவதற்கு ஒன்றுமில்லை. எங்களுக்குப் பணம் போதவில்லை என்று சொல்ல நான் வரவில்லை என்பதை இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டுகிறேன். கிட்டத்தட்ட அதே பணம், ஆனியில் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்து வந்திருந்தால் பதினெட்டு ஏக்கரும் புல்லாக நின்றிருக்கும். நீர்மத்தியும் நின்றிருக்கும்.

கேரளத்தின் அட்டப்பாடியில் எங்கள் சனங்களின் ஊர்களில் ஊர்த் தலைவரான மூப்பனுக்குத் துணையாக மண்ணுக்காரன் என்று ஒரு பொறுப்பு உண்டு. எந்த நிலத்தில் எப்போது விதைக்கலாம் என்று சொல்வது அவர் வேலை. அவர் மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லாமல் ஊரில் யாரும் விதைக்க மாட்டார்கள். இன்று எங்கள் காட்டுக்கு நாள் குறிப்பது நிதியாண்டு.

மாநாடுகளில் அறிவிக்கிற வெளிநாட்டு நிதி ஏன் எங்களிடம் நேரடியாக வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் இதே போல 170 கோடி டாலர் என்று உறுதி சொன்னார்கள். முதல் ஆண்டுக் கணக்கைக் கொடையாளர்களே வெளியிட்டபோது, பழங்குடிகளின், உள்ளூர்ச் சமூகங்களின் சொந்த அமைப்புகளுக்கு நேரடியாகப் போனது ஏழு சதவீதம் என்று தெரிந்தது. நம் நாட்டில் வழி இன்னும் குறுகல். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற, ஒரு சங்கம் மூன்று ஆண்டுகளாக இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் பதினைந்து லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். நாற்பது வீடுகள் உள்ள ஊர்ச் சங்கத்துக்கு இது எட்டாத உயரம். சரி, பதிவு உள்ள ஒரு பெரிய அமைப்பு வாங்கி எங்களுக்குப் பிரித்துத் தரலாமே என்றால், 2020-இல் வந்த திருத்தம் அப்படி வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடை செய்துவிட்டது. ஆகவே அந்தப் பணம் எங்கள் ஊருக்குள் வந்தால் கூலியாகத்தான் வரும். எந்த இடம், எந்த மாதம், எந்த முறை என்று தீர்மானிக்கிற உரிமை பணத்தோடு சேர்ந்து வராது.

வெளிநாட்டுப் பணத்தை விடுங்கள், நம் பணமே இருக்கிறது. காட்டு நிலத்தை அணைகளுக்கும் சுரங்கங்களுக்கும் கொடுத்ததற்கு ஈடாக வசூலித்த நிதியிலிருந்து 2019-இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு மாற்றியது 47,436 கோடி ரூபாய். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்கத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதை நான் மனமார வரவேற்றேன். எங்களைப் போன்ற தொன்மைப் பழங்குடிகளுக்காக 2023-இல் பிரதமரின் ஜன்மன் திட்டம் வந்தது. வீடு, சாலை, குடிநீர் எல்லாம் அதில் உண்டு. அவை எங்களுக்குத் தேவை, மறுக்கவில்லை. 2024-இல் மத்திய அரசு பழங்குடி ஊர்களுக்காகத் தொடங்கிய தர்தி ஆபா திட்டத்தில் கிராம சபைகள் தங்கள் காட்டுக்கு மேலாண்மைத் திட்டம் தீட்டவும் நிதி இருக்கிறது. ஆனால் அந்தக் கதவைத் திறக்கிற சாவி வன உரிமைச் சட்டத்தின் சமூக வன வள உரிமை. அதுதான் எங்களைப் போன்ற பல ஊர்களின் கையில் இன்னும் இல்லை.

2006-இல் வந்த அந்தச் சட்டம், தன் எல்லைக்குள் உள்ள காட்டைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை உண்டு என்று தெளிவாகச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த ஒரு நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரங்கள் வழங்குவது முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றம்தான் அதை நீக்கியது. எட்டு ஆண்டுகள். அதற்குள் எங்களுக்கு வடக்கே சோளகர்கள் 2011-லேயே, புலிகள் காப்பகமாக இருந்த அதே மலையில், சமூக உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேண்டா லேக்கா என்ற கோண்டு ஊர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது. 2011 ஏப்ரலில் மூங்கில் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகத்தையே அந்தக் கிராம சபையின் கையில் கொடுத்தார்கள். எந்த மூங்கிலை எப்போது வெட்டுவது, விற்ற பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஊரே கூடி முடிவு செய்கிறது. அதே உரிமை கேட்டு நாங்கள் அளித்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. வரைபடத்தோடு, பெரியவர்களின் வாக்குமூலத்தோடு, இரண்டு முறை கொடுத்துவிட்டோம்.

ஊர் மக்கள் கையில் லட்சக்கணக்கில் பணம் கொடுத்தால் கணக்குக் காட்டுவார்களா என்று கேட்பவர்கள் உண்டு. என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். எங்கள் சங்கத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு வரவு செலவு முழுவதையும் வாய்விட்டுப் படிக்கிறோம். கடப்பாறைக்குக் காம்பு போட்ட நாற்பது ரூபாய் வரை படிப்பேன். படிக்கத் தெரியாத கிழவிகள்தான் என்னை அதிகம் நிறுத்திக் கேட்பார்கள். போன மாதம் நான் சொன்ன எண் அவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். நகரத்துத் தணிக்கையாளர் கூட என்னை அவ்வளவு கேட்டதில்லை. தவறே நடக்காது என்று சொல்லவில்லை. ஒரு முறை நடந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்தான், பணம் மூன்று வாரத்தில் திரும்பி வந்தது.

நல்கை தருகிறவர்கள், அரசானாலும் அறக்கட்டளையானாலும், இந்த வேலைக்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறைந்து ஒப்பந்தம் போட வேண்டாம். எங்கள் பக்கத்துக்குப் பணம் வைகாசிக்குள் வரட்டும். மேற்கே கூடலூர்ப் பக்கம் மழை வேறு, அவர்கள் தங்கள் மாதத்தைச் சொல்வார்கள். மார்ச் 31-இல் மிஞ்சிய பணத்தைத் திரும்ப வாங்காமல் அடுத்த ஆண்டுக் கன்று பிடுங்கலுக்கு விட்டுவையுங்கள். படிவம் தமிழில் இருக்கட்டும். வெட்டிய ஏக்கரை எண்ணாமல் மூன்றாம் ஆண்டு முடிவில் புல் நிற்கும் ஏக்கரை எண்ணுங்கள். இரண்டாவது, மூன்றாவது ஆண்டில் வந்து படம் எடுங்கள், நாங்களே கூட்டிப் போய்க் காட்டுகிறோம். உரிமை கேட்டு நிற்கும் மனுக்களை எடுத்து விசாரியுங்கள்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு, ஐயா. பழங்குடி நலனுக்கு, காடு மீட்புக்கு, காலநிலைக்கு இத்தனை கோடி ஒதுக்கீடு என்று உங்கள் இதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்தப் பணம் எந்த மாதத்தில், எந்த ஊர்க் கணக்கில் ஏறியது என்பதையும் உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும். நீலகிரிக்கு வந்தால் எங்கள் ஊரின் ஏழு ஆண்டுக் கணக்குப் புத்தகங்களையும் எடுத்துத் தருகிறேன். மார்ச் 30 அன்று நான் எடுத்த படமும் அதில் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
சங்கக் கணக்காளர்,
சீகூர்ப் பீடபூமி, நீலகிரி மாவட்டம்.

(என் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். மனு நிலுவையில் இருக்கிறது.)